மேட்டு வீட்டிலிருந்து போனவள்

பிப்ரவரி 3

மேட்டு வீட்டில் இருக்கும் உறவினர் எவருக்கேனும்,

முன்பின் தெரியாதவன் எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். நான் லிஃப்ட் மெக்கானிக். சென்ற மாதம் என் அம்மா இறந்துவிட்டார். இறப்பைப் பதியப் போன இடத்தில் அவர் பிறந்த ஊர் எது என்று கேட்டார்கள். தலை நரைத்தவன், பதில் தெரியாமல் பேந்தப் பேந்த விழித்தேன். எப்போது கேட்டாலும், "எனக்கு யாரும் இல்லப்பா" என்பார் அம்மா. பேச்சு அதோடு முடிந்துவிடும். அவரோடு தையல் ஆலையில் வேலை பார்த்த தோழிதான் உங்கள் ஊரையும் மேட்டு வீடு என்ற பெயரையும் சொன்னார். இடது புருவத்தில் தழும்புள்ள ஒரு பெண் உங்கள் வீட்டிலிருந்து போனதுண்டா? எனக்கு மனைவி மக்கள் இல்லை. எனக்கு முன்னால் யார் யார் இருந்தார்கள் என்றாவது தெரிந்துகொள்ள ஆசை.

பதிலுக்குக் காத்திருக்கும்,
அவர் மகன்

பிப்ரவரி 19

அத்தை மகனுக்கு,

அத்தான் என்று எழுத வேண்டும். பார்த்தேயிராத மனிதரை இந்த வயதில் அப்படி அழைக்கக் கூச்சமாக இருக்கிறது. நீங்கள் தேடியவர் என் அப்பாவின் அக்கா. சின்ன வயதில் கிணற்றடியில் வழுக்கி விழுந்த தழும்பாம் அது. உங்கள் கடிதத்தை அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். கேட்டுவிட்டுச் சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

தாமதத்துக்குக் கோபிக்காதீர்கள். அப்பா இடுப்பு முறிந்து படுக்கையில் கிடக்கிறார், இது நான்காவது வருடம். விடியுமுன் அவரைத் துடைத்து, துணி மாற்றி, மாட்டையும் கறந்துவிட்டு, பால் சேகரிப்பு நிலையத்துக்கு ஓடுகிறேன். வருகிற பாலைச் சோதித்து வாங்குவது என் வேலை. மதியம் வந்து ஊட்டிவிட்டு மறுபடி ஓட்டம். கணவர் போய்ச் சேர்ந்துவிட்டார். வெளிநாட்டிலிருக்கும் தம்பி வாரம் தவறாமல் போன் செய்து, "அப்பாவ நல்லா பாத்துக்கோ" என்று சொல்லிவிடுகிறான். நீங்களாவது எழுதுங்கள். கடிதமென்றால் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போகலாம்.

நான் உங்களுக்கு இளையவளாகத்தான் இருப்பேன். நீ என்றே எழுதலாம்.

அசதியோடும் அன்போடும்,
மாமா மகள்

மார்ச் 2

அன்புள்ள மாமா மகளுக்கு,

உன் கடிதத்தை வேலை செய்யும் இடத்துக்கெல்லாம் சட்டைப்பையில் எடுத்துப்போகிறேன். எனக்கு ஒரு மாமா! தாத்தா பாட்டி பெயர் என்ன? அவர்களுக்கு முந்தியவர்கள் யார்? எங்கே புதைத்திருக்கிறார்கள்? பழைய போட்டோ ஏதும் உண்டா? அம்மா ஏன் போனார்? என்ன சண்டை? முடிந்தபோது மாமாவிடம் கேட்டு எழுது.

ஆவலுடன்,
அத்தான்

மார்ச் 21

அத்தானுக்கு,

நீங்கள் கேட்டதெல்லாம் சரிதான். கேட்டுச் சொல்ல எனக்குத்தான் தெம்பில்லை. கர்ப்பப்பையை எடுத்தாக வேண்டும் என்று டாக்டர் சொல்லி மாதக்கணக்காகிறது. அப்பாவைப் பார்க்க ஆளில்லாமல் தள்ளிப் போட்டேன். போன வாரம் பால் கேனைத் தூக்கும்போது கண் இருட்டிக்கொண்டு வந்தது. தம்பியிடம் சொன்னேன். "ஒரு ஆளப் போடு" என்றான். போட்ட ஆள் இரண்டாம் நாளே ஓடிவிட்டாள்.

கேட்க வெட்கமாயிருக்கிறது. செத்துப்போனவர்களை இவ்வளவு பாடுபட்டுத் தேடுகிறீர்கள். இங்கே உயிரோடு ஒருவர் இருக்கிறார். அவரைத் தூக்கிப் பிடிக்க வருவீர்களா?

மாமா மகள்

ஏப்ரல் 9

அன்புள்ள மாமா மகளுக்கு,

பக்கத்து வீட்டு அக்கா ஆஸ்பத்திரிக்கு வருவதால் இதைக் கொடுத்தனுப்புகிறேன். நான் வாசலில் வந்து இறங்க, நீ வண்டியில் ஏற, நம் அறிமுகம் ஒரு தலையசைப்போடு போயிற்று. ஆபரேஷன் நல்லபடி முடிந்ததாகக் கேட்டு மூச்சு வந்தது. மாமாவை முதல் நாள் புரட்டுவதற்குள் எனக்கு இடுப்பு விட்டுப்போயிற்று. இதை நீ தனியாளாக எப்படித்தான் செய்தாயோ.

நேற்று அவர் வாய் துடைக்கும்போது, என்ன சண்டை மாமா என்று கேட்டேன்.

"சண்டை ஒண்ணும் இல்லப்பா. எங்கம்மா படுத்தப்ப அக்காதான் பாத்தா. அப்புறம் அப்பா படுத்தாரு, அதுக்கும் அவதான். நாங்க ஆம்பளைங்க, வேலைக்குப் போனோம், வந்தோம். அப்பாவ அடக்கம் பண்ணிட்டு வந்த அன்னிக்கு எல்லாருக்கும் சோறு போட்டா. மறுநாள் ஆளக் காணோம்."

"தேடலையா?"

"தேடினோம். சமைக்க ஆளில்லன்னு தேடினோம். அது அவளுக்கும் தெரிஞ்சிருக்கும்."

அப்புறம், "என்னப் பத்தி ஏதாவது பேசுவாளா?" என்றார். பொய் சொல்ல வாயெடுத்தேன், வரவில்லை. "ஒரு தடவகூட பேசினதில்ல மாமா" என்றேன். "சரிதான்" என்றார்.

அம்மா ஞாயிற்றுக்கிழமை முழுக்கத் தூங்குவார். எழுப்பினால் எரிந்து விழுவார். எனக்கு இப்போதுதான் புரிகிறது. படுத்திருக்கும் உனக்கு இதையெல்லாம் எழுதலாமோ கூடாதோ, தெரியவில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்.
அத்தான்

ஏப்ரல் 18

அத்தானுக்கு,

வீட்டுக்குப் போகலாம் என்று விட்டுவிட்டார்கள். பஸ் நிலையத்தில் நம் ஊர் பஸ் வந்து நின்றது. தெரிந்த கண்டக்டர், "ஏறுக்கா" என்றார். காலைத் தூக்கி வைக்க முடியவில்லை. வலியால் அல்ல. பஸ் போய்விட்டது.

முன்பு என்னோடு வேலை பார்த்தவள் வீட்டில் இருக்கிறேன். எதுவும் கேட்காமல் பாயை விரித்துக் கொடுத்தாள். தூங்குகிறேன். எழுந்து சாப்பிட்டுவிட்டு மறுபடி தூங்குகிறேன். அத்தையைப் போலவே போய்விடுவேனோ என்று எனக்கே தெரியவில்லை. உங்களை வரவழைத்துக் கட்டிப்போட்டுவிட்டேன் என்று திட்டினால் வாங்கிக்கொள்கிறேன். அப்பாவிடம் என்ன சொல்வீர்களோ, உங்கள் பாடு.

மாமா மகள்

ஏப்ரல் 22

அன்புள்ள மாமா மகளுக்கு,

உன் கடிதத்தை மாமாவுக்கு ஒரு வரி விடாமல் படித்துக் காட்டினேன். "இவளையாவது யாரும் தேடிப் போகாதீங்க. தூங்கட்டும்" என்றார்.

உன் தம்பி போன் செய்தபோது நான்தான் எடுத்தேன். உன் அத்தை மகன் என்றேன். "எனக்கு அத்தையே கிடையாதே" என்றான். வந்து உங்கள் அப்பாவை ஒரு மாதம் தூக்கிப் பார், அத்தையைப் பற்றி அப்புறம் பேசலாம் என்றேன். ஜூனில் வருகிறானாம். வந்தால் பார்க்கலாம். நான் வேலைக்கு நீண்ட லீவு எழுதிப் போட்டுவிட்டேன்.

நீ வருவதும் வராததும் உன் விருப்பம். ஒன்று மட்டும் உடனே எழுது. இதுவரை உன் மாட்டைக் கறந்துகொடுத்த பக்கத்து வீட்டு அக்காவுக்கு மணிக்கட்டு வலி, இனி நான்தான் கறக்க வேண்டும். அது என்னைக் கண்டாலே உதைக்கிறது. அதற்கு எந்தப் பக்கம் உட்கார வேண்டும்?

அத்தான்