மாப்பிள்ளை காவல் நின்ற பாலம்

12 ஏப்ரல் 1986, சனி. சான் ஹோசே.

மருமகள் ஜெயசெல்வி சான் பிரான்சிஸ்கோவுக்கு அழைத்துச் சென்றாள். பதினெட்டாம் நூற்றாண்டு இத்தாலியக் கோட்டோவியங்களின் கண்காட்சி. மூன்றாவது அறையில் நம் வரவேற்பறைப் படத்திலுள்ள அதே பாலம்! இடிந்த வளைவு, அதில் முளைத்த செடி, பின்னே கூர்ங்கோபுரம், கரையில் துணி துவைக்கும் பெண். எதுவும் பிசகவில்லை. கீழே குறிப்பு: கற்பனை நிலக்காட்சி, வெனிஸ், சுமார் 1740, இத்தகைய இடம் எங்கும் இல்லை.

நம் வீட்டுப் படத்திலோ, "நான் காவல் நின்ற பாலம், இத்தாலி, 12-11-1944" என்று ஜீவரத்தினத்தின் கையெழுத்து. அப்போது என் நண்பராக இருந்த அவர் யுத்தத்திலிருந்து எனக்கு வரைந்து அனுப்பியது. அதைக் காட்டித்தான் அப்பாவைச் சம்மதிக்க வைத்து, தங்கை லீலாவை அவருக்குக் கட்டிக்கொடுத்தேன்.

13 ஏப்ரல், ஞாயிறு.

ஆராதனைக்குச் செல்லவில்லை.

19 ஏப்ரல், சனி.

இங்கே கலிபோர்னியாவிலேயே உள்ள டப்ளினில் லீலாவின் வீடு. நேரடியாகவே கேட்டேன்: "மாப்பிள்ளை, அந்தப் பாலம் எந்த ஊர்ல இருக்கு?"

காபியை ஆற்றியபடியே சிரித்தார். "நாப்பது வருஷம் கழிச்சு என்கொயரியா மச்சான்? நான் பட்டாளத்து ஸ்டோர்ல சாக்கு எண்ணிட்டிருந்தேன். மஞ்சக்காமாலைன்னு ஆஸ்பத்திரில போட்டாங்க. அங்க கெடந்த ஒரு புக்கைப் பாத்து வரைஞ்சேன்."

"காவல் நின்னதா எழுதினீங்களே?"

"காமாலைன்னு எழுதியிருந்தா பொண்ணு குடுத்திருப்பீங்களா?"

சமையலறையிலிருந்து லீலா: "எனக்குக் கல்யாணமான வாரமே தெரியும்ணே. உங்ககிட்ட சொன்னா நேரா அப்பாகிட்ட போய் நிப்பீங்க. விடுங்க, சாப்பிட வாங்க."

சாப்பிடவில்லை.

அவர் ஏமாற்றியதைக்கூடப் பொறுக்கலாம். ஆனால் இவள்? ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் வந்தவங்க எல்லார்கிட்டயும் அந்தக் கதையைச் சொன்னேனே — ரெண்டு பேரும் பக்கத்துலயே உக்காந்து தலையாட்டிட்டிருந்தாங்களே! வீட்டுக்குப் போய் என்னை நினைச்சுச் சிரிச்சிருப்பாங்களா?

20 ஏப்ரல், ஞாயிறு.

படத்தைக் கழற்றிக் கட்டிலுக்கடியில் வைத்தேன்.

4 மே, ஞாயிறு.

லீலா போன் செய்தாள். தூங்குவதாகச் சொல்லச் சொன்னேன். "என்னைப் பொய் சொல்ல வைக்கிறீங்களே மாமா" என்றாள் ஜெயசெல்வி.

25 டிசம்பர் 1986, வியாழன்.

காலையில் படத்தைத் துடைத்துப் பழைய இடத்திலேயே மாட்டினேன். ஏனென்று என்னையே கேட்டுக்கொள்ளவில்லை. லீலாவும் மாப்பிள்ளையும் மதிய உணவுக்கு வந்தார்கள், படத்தைப் பார்த்தார்கள்.

மகனின் அலுவலக நண்பர் வெங்கடகிருஷ்ணன் கேட்டார்: "நைஸ் பிக்சர், அங்கிள். இது எந்த இடம்?"

லீலா கேக் தட்டைக் கீழே வைத்தாள்.

"இத்தாலி" என்றேன். "யுத்தத்தில் மாப்பிள்ளை காவல் நின்ற பாலம்." தேதியையும் சொன்னேன். குளிரையும் குண்டுச் சத்தத்தையும் வழக்கம்போல ஒன்றுவிடாமல் சொன்னேன், மாப்பிள்ளையின் முகத்தைப் பார்த்தபடியே.

இம்முறை இருவரும் தலையாட்டவில்லை.