நாற்பத்திரண்டு பேருக்கு ஒரு டோக்கன்

பிப்ரவரி 10, திங்கள்

வியாழக்கிழமை முதலமைச்சர் எங்கள் கம்பெனிக்கு வருகிறார். டீச்சராக இருந்து முதலமைச்சரான பெண்மணி. மூன்று மாதமாக ஒரகடம் முழுக்க அவர் போஸ்டர்தான். ஒயர் செருகும் எங்கள் லைனில் நாற்பத்திரண்டு பேரும் பெண்கள், அதனால் இங்கேயும் வருவாராம்.

ஹெச்.ஆர். ப்ரீதி கூப்பிட்டாள். "சசிரேகா, உங்க பெர்மனன்ட் ஆர்டர் ரெடி. வெள்ளிக்கிழமை குடுத்துடுவோம். சி.எம். விசிட் மட்டும் நல்லபடியா முடியட்டும்." நாலு வருஷமாகக் காண்ட்ராக்ட்! வல்லக்கோட்டை முருகா, ஆர்டர் கைக்கு வந்ததும் மொட்டை போடுகிறேன்.

பிப்ரவரி 12, புதன்

ஒத்திகை. சூப்பர்வைசர் பேச்சிராஜ்தான் முதலமைச்சர்! கையைக் கூப்பிக்கொண்டு ஆடி ஆடி வருகிறார். சிரித்துத் தொலைத்தேன். திருநெல்வேலிக்காரருக்குக் கோபம்: "சிரிக்காதிய! மணி அடிக்க வரைக்கும் ஒருத்தரும் தலையத் தூக்கப்பிடாது." மணி அடித்ததும் "ரொம்ப நல்லா இருக்கு மேடம்" என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான்.

நாள் முழுக்க இதே கூத்து என்றால் பாத்ரூம் எப்போது போவது? லைனுக்கு ஒரே சிவப்பு டோக்கன், பேச்சிராஜ் மேஜை பக்கத்து ஆணியில் தொங்கும். அது கையில் இல்லாமல் நகரக் கூடாது. ஏழு நிமிஷத்தில் திரும்பிவிட வேண்டும். இன்றைக்கும் ரஞ்சனி முந்திவிட்டாள், பாவி.

பிப்ரவரி 13, வியாழன்

எப்படி எழுதுவது?

மணி அடிக்கவில்லை. தலையைத் தூக்காமல் ஒயர் செருகிக்கொண்டிருந்தேன். முதுகுக்குப் பின்னால் ஒரு பொம்பளைக் குரல், மெதுவாக: "பாத்ரூம் எந்தப் பக்கம்மா?" புதிதாகச் சேர்ந்தவள் என்று நினைத்து, "டோக்கன் எடுத்துகினியா? இல்லாங்காட்டி போவ முடியாது" என்றேன்.

"என்ன டோக்கன்?"

திரும்பினேன். போஸ்டரில் இருக்கும் முகம்.

ஐயோ, அப்பவாவது வாயை மூடியிருக்கக் கூடாதா? ஆணியைக் காட்டி, "ரஞ்சனி எட்துகினு போயிருக்கா. ஏழு நிமிஷம் ஆவும்" என்று சொல்லிவிட்டேன்! ப்ரீதி முகத்தில் ரத்தமே இல்லை. யாரோ "மேடம், ஆபீஸ் பக்கம் தனியா..." என்று ஓடி வந்தார்கள்.

"இருக்கட்டும். நிக்கிறேன்" என்றார் முதலமைச்சர். நின்றார்.

ரஞ்சனி ஈரக் கையோடு ஓடி வந்து, பார்த்ததும் "எம்மாடி!" என்று அலறினாள். அவர் டோக்கனை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எத்தனை பேருக்கு இது?"

"நாப்பத்திரண்டு" என்றேன்.

முதலமைச்சர் டோக்கனோடு பாத்ரூம் போனார், டோக்கனோடே காரில் ஏறிப் போய்விட்டார்.

பிப்ரவரி 14, வெள்ளி

காலையில் பேச்சிராஜ் வெறும் ஆணியைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார். "இப்படிப் பண்ணிட்டியளே சசி. டோக்கன் இல்லாம ஆளுகள நான் எப்படி விடுவேன்?" இதுவா இப்போது கவலை?

பதினோரு மணிக்கு ப்ரீதி கவர் கொடுத்தாள். பெர்மனன்ட் ஆர்டர் என்று நினைத்துத்தான் பிரித்தேன். காண்ட்ராக்ட் நீட்டிக்கப்படவில்லை. "கம்பெனிக்கு வர்ற ஆர்டர் கம்மி, அதான்" என்கிறாள், கண்ணைப் பார்க்காமல்.

நான் இன்னா தப்பு பண்ணேன்? இருக்குறத தான சொன்னேன்? நாலு வருஷம்! பஸ்ஸில் எல்லோரும் பார்க்க அழுதேன்.

பிப்ரவரி 15

சமைக்கவில்லை.

பிப்ரவரி 24, திங்கள்

ரஞ்சனி போன். "அக்கா, கெவருமெண்டு ஆளுங்க வந்தாங்க. ஆணியகூட புடுங்கிட்டாங்கக்கா. சுவத்துல ஓட்ட மட்டும் கீது." சொல்லிவிட்டு அவள்தான் அழுதாள்.

மார்ச் 4, செவ்வாய்

படப்பைப் பக்கம் வேறொரு கம்பெனியில் இன்டர்வியூ. மறுபடியும் காண்ட்ராக்ட்தான், முதலிலிருந்து. எல்லாம் கேட்டு முடித்து, "உங்களுக்கு ஏதாவது கேக்கணுமா?" என்றாள் இன்டர்வியூ எடுத்த சின்னப் பெண்.

"இங்க பாத்ரூமுக்கு டோக்கன் உண்டா?"

"இருந்துச்சு. போன வாரம் எடுத்துட்டோம், மேலிருந்து உத்தரவு." குரலைத் தாழ்த்திச் சிரித்தாள். "ஒரகடத்துல எவளோ ஒருத்தி சி.எம்.கிட்டயே டோக்கன் கேட்டாளாமே, தெரியுமா?"

"அப்படியா?" என்றேன். காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டேன்.