திசைகாட்டியும் ரொட்டிக்கல்லும்

குந்தா, நீலகிரி
12.8.1973

அன்புள்ள ஆண்டாயிக்கு,

உன் முத்துவேல் எழுதுவது. கதிர்காமத்தான் புண்ணியத்தில் சுகமாக இருக்கிறேன். நீயும் மல்லிகாவும் அங்கே சுகம்தானே? பிள்ளைக்குச் சளி விட்டதா என்று எழுது.

உன் கடிதம் கிடைத்தது. பாஸ்போர்ட் வந்துவிட்டது என்ற முதல் வரியைப் படித்துவிட்டு லயத்து வரிசையில் எல்லா வீட்டுக்கும் சீனி கொடுத்தேன். அதற்குப் பிறகுதான் அடுத்த வரியைப் படித்தேன். "புருசன் வழி தெரியாம காணாமப் போற ஊருக்கு நான் புள்ளையத் தூக்கிக்கிட்டு வரணுமா? நான் கப்பல் ஏற மாட்டேன்" என்று எழுதியிருக்கிறாய். கொடுத்த சீனியைத் திருப்பியா கேட்க முடியும்?

இதெல்லாம் இங்கே என்னோடு வேலை செய்யும் காத்தமுத்து செய்த வேலை என்று தெரியும். நம் பதுளைத் தோட்டத்தில் இருந்தபோதே அவன் வாயில் எலி புகுந்தால் யானையாக வரும். நான் மூன்று நாள் காட்டில் கிடந்ததாகவும், என்னைச் சிறுத்தை துரத்தியதாகவும் உனக்கு எழுதினானாம். எந்தச் சிறுத்தையையும் நான் பார்க்கவில்லை. ஒரு ராத்திரி வீடு வரவில்லை, அவ்வளவுதான்.

நடந்ததைச் சொல்கிறேன். புதுமலைக்குத் தேயிலை நாற்று ஏற்றிப் போன ஜீப் சேற்றில் புதைந்தது. ஆள் கூட்டிவர இறங்கி நடந்தேன். கையை நீட்டினால் விரல் தெரியாத மூட்டம். இங்கேயும் நம் லயம் மலைக்குக் கிழக்கேதான் இருக்கிறது. அங்கே ஐப்பசி, கார்த்திகையில் கிழக்கேயிருந்து வரும் மழையை முகத்தில் வாங்கிக்கொண்டு நடந்தால் வாசலுக்கே வந்துவிடுவோமே, அந்தப் பழக்கத்தில் மழைக்கு முகம் காட்டி நடந்தேன். இந்த ஊரில் ஆடி மழை மேற்கேயிருந்து வருகிறது, நான் லயத்துக்கு எதிர்ப்பக்கமாகவே போயிருக்கிறேன். கால் இந்தியாவுக்கு வந்து ஒன்றரை வருசம் ஆகியும் புத்தி இன்னும் பதுளையிலேயே நிற்கிறது. இருட்டும் நேரத்தில் எருமை தேடி வந்த ஒரு படுகர் என்னைப் பார்த்து, தன் வீட்டில் படுக்க வைத்து, காலையில் கொண்டுவந்து விட்டார்.

எங்கள் பீல்டு ஆபீசர் பழனிச்சாமி சார் கோயம்புத்தூர்ப் பக்கத்து மனிதர். திட்டவில்லை. "ஏனுங்க முத்துவேலு, இனி மழையை நம்பாதீங்க, ஊசியை நம்புங்க" என்று சொல்லி, ஞாயிற்றுக்கிழமை ஊட்டிக்குக் கூட்டிப் போனார். பழைய சாமான் கடையில் மூன்று திசைகாட்டி இருந்தன. ஒன்று சட்டைப் பொத்தான் அளவு. நடந்தால் அதன் ஊசி குளிர்காய்ச்சல் கண்டவன் போல நடுங்கிக்கொண்டே இருந்தது. இரண்டாவது பளபளவென்று, இருட்டில் ஒளிர்கிற எழுத்தோடு இருந்தது. எனக்கு அதன் மேல்தான் ஆசை. மூன்றாவது மூடி நசுங்கிய பட்டாளத்துச் சாமான், உள்ளே எண்ணெய் ஊற்றியது. சார் மூன்றையும் ஜீப் மேல் வைத்துப் பார்த்தார். மூன்றும் இன்ஜின் பக்கமே திரும்பின. இரும்பு இழுக்குமாம், ஜீப்பை விட்டுப் பத்தடி தள்ளி நின்றுதான் பார்க்க வேண்டுமாம். தள்ளிப் போய்ப் பார்த்தால் பளபளப்புக்காரி அப்போதும் இரண்டு மனசாக ஆடினாள். மூடி நசுங்கியது பட்டென்று நின்றது. "பார்த்ததும் நிக்கோணுமுங்க, அதான் சாமான்" என்றார் சார். அதையே வாங்கினேன்.

இப்போது சட்டைப் பையிலேயே வைத்திருக்கிறேன். போன வாரம் அதே மூட்டத்தில் அதே மலையிலிருந்து நேராக லயத்துக்கு வந்தேன். ஆகவே, புருசன் காணாமல் போவான் என்ற பயம் இனி உனக்கு வேண்டாம்.

ஆனால் ஒன்று. அன்றைக்கு லயத்துக்கு முன்னால் வந்த பிறகும் நான் ஊசியைப் பையில் வைக்காமல் நின்றுகொண்டிருந்தேன். அங்கே மூட்டம் இறங்கினால் நீ வாசலில் நின்று கரண்டியால் நம் இரும்பு ரொட்டிக்கல்லைத் தட்டுவாய். பத்து லயத்துச் சத்தத்தில் உன் தட்டு எனக்குத் தெரியும். இங்கே கதவைத் திறந்தேன், உள்ளே யாரும் இல்லை. வழி சரிதான். வீட்டுக்கு வந்த மாதிரி இல்லை, ஆண்டாயி.

இந்தியா வருவதற்கு நான் என் மனுவிலும் நீ உன் அப்பா மனுவிலும் எழுதப்பட்டதால் நான் முந்தி வந்தேன், நீ பிந்தி நிற்கிறாய். அதற்கு மேல் நீயாகவும் பிந்தாதே. உன் அப்பாவிடம் கோபிக்காமல் பேசு. ராமேஸ்வரத்தில் நான் வந்து நிற்பேன்.

பெட்டியில் இடம் போதாது என்று யாராவது சாமானைக் குறைக்கச் சொல்வார்கள். என் பழைய சட்டைகளை எடுத்து வெளியே போடு. ஊட்டிச் சந்தையிலும் ரொட்டிக்கல் விற்கிறார்கள், நான் தட்டிப் பார்த்தேன், அந்தச் சத்தம் வரவில்லை. நம்முடையதைக் கொண்டு வா.

மல்லிகாவுக்கு என் முத்தம். முருகன் உங்கள் இருவரையும் கரை சேர்ப்பான்.

இப்படிக்கு,
உன் வழி பார்த்திருக்கும்
முத்துவேல்