துணி கட்டிய தேயிலைச் செடி

இந்து அப்பாவுக்கு வணக்கம். உங்கள் முட்டிவலி குறைந்ததா? நான் சுகம்தான், கை அரிப்புதான் விடவில்லை. பீர்மேட்டில் டவர் கிடைக்காததால் எழுதுகிறேன்.

பூச்சி ஆராயும் நஸ்ரின் டீச்சருக்காக ஒரு முடிப்புழுவைத் தினமும் காவல் காத்தேன். உங்களைக்கூட நான் அப்படி உட்கார்ந்து பார்த்ததில்லை. அது கூடு கட்டி அந்துப்பூச்சியாக வெளியே வந்தால்தான் இன்ன வகை என்று சொல்ல முடியுமாம். அதோடு என் வேலை முடியும், அம்மன் கொடைத் திருவிழாவுக்கு ஊருக்கு வந்துவிடலாம் என்றிருந்தேன்.

புழு இருந்த தேயிலைச் செடி அடையாளம் தவறிவிடக் கூடாதென்று அதில் சிவப்புத் துணி கட்டினேன். நேற்றுப் போனால் ஒரே மருந்து நாற்றம், புழு செத்துக் கிடக்கிறது. மருந்தடிக்கும் பாண்டித்துரையைப் பிடித்துக் கேட்டேன்.

"துணி கட்டுனா பூச்சி விழுந்த செடின்னுதான மதினி அர்த்தம்? அதான் உங்க செடிக்கு ரெண்டு தடவ அடிச்சேன்" என்கிறான், பெருமையாக.

இந்த எஸ்டேட் வழக்கத்தை எனக்கு யார் சொன்னார்கள்? எரிச்சலாக வருகிறது. இனி வேறு புழு தேட வேண்டும். கொடைக்கு வர முடியாது.

அரிப்புக்குத் தைலமும் கொஞ்சம் கருவாடும் யாரிடமாவது கொடுத்துவிடுங்கள். ஜீப்காரர் அவசரப்படுத்துகிறார். நீங்கள் மீசையை எடுத்துவிட்டதாக இந்து எழுதியிருந்தாள். ஒரு போட்டோவும் சேர்த்து அனுப்புங்கள். ஊருக்கு வரும்போது யாரோ என்று நினைத்து உங்களைத் தாண்டிப் போய்விடக் கூடாது.

குருவம்மாள்