ஞாயிற்றுக்கிழமைத் தோட்டாக்கள்

தெலேன்,
ஆகஸ்ட் 24, 1987

என் பிரியமுள்ள நொயேமிக்கு,

உன் கடிதம் வந்தது. அரைப் பக்கம்தான் என்றாலும் திரும்பத் திரும்பப் படித்தேன். ஆல்டோவுக்கு எண்ணெய்க் கிணற்றில் பகல் ஷிப்ட் கிடைத்தது நிம்மதி. குட்டி லூசியோவுக்குக் காது மூடுகிற தொப்பி பின்னிவிட்டேன். உங்கள் ஊர்க் காற்றுக்கு இரண்டு தொப்பி வேண்டும்போல.

பக்கத்து வீட்டு எதெல்வினா உனக்கு எழுதியது உண்மைதான். ஞாயிற்றுக்கிழமைகளில் நம் வாசலில் அன்செல்மோ ஹைமின் வண்டி பொழுது சாயும்வரை நின்றது. ஏன் நின்றது என்று அவள் எழுதியிருக்க மாட்டாள். அவளுக்குத் தெரியாது. ஆரம்பத்தில் எனக்கும் தெரியாது.

இந்த வருஷம் காட்டுப்பன்றிகள் ஆட்டுப்பட்டிக்கே வந்துவிட்டன. பிறந்து ஈரம் காயாத குட்டிகளைத் தூக்கிப்போகின்றன. உன் அப்பாவின் மவுசர் துப்பாக்கி அலமாரியில் இருக்கிறது, ஆனால் தோட்டா தீர்ந்துவிட்டது. விக்தோரிகாவில் கடைக்காரர் துப்பாக்கி மாடலைக் கேட்டதும், "அது எங்க தாத்தா காலத்துப் பட்டாளத் தோட்டாம்மா, மியூசியத்துல போய்க் கேளுங்க" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அன்செல்மோவை உனக்குத் தெரியும். ஊர்க் காற்றாலைகளையெல்லாம் பழுது பார்க்கிறவர், பேச்சு குறைவு, மனைவி போய்ப் பல வருஷமாகிறது. நம் காற்றாலைக்கு எண்ணெய் போட வந்த அன்று பன்றிக் கதையைச் சொன்னேன். அடுத்த ஞாயிறு ஒரு சாக்கோடு வந்து நின்றார். மான் வேட்டைக்குப் புவெனோஸ் அயர்ஸிலிருந்து வரும் கனவான்கள் சுட்டுவிட்டுக் காட்டில் எறிந்துபோகும் வெற்றுப் பித்தளைத் தோட்டாக் கூடுகள். எல்லாம் அமெரிக்க மாடல். "அடிப்பாகம் நம்ம மவுசருக்கும் இதுக்கும் ஒண்ணுதான். உயரம்தான் ஜாஸ்தி. அமுக்கி, வெட்டி, ஆளாக்கிடலாம்" என்றார்.

என் சாப்பாட்டு மேஜையில் ஓட்டை போட்டு ஒரு கைப்பிடி யந்திரத்தைத் திருகிப் பொருத்தினார். கூட்டுக்கு எண்ணெய் தடவி, அச்சுக்குள் அமுக்க வேண்டும். கூட்டின் தோள் கீழே இறங்கிப் புதுக் கழுத்து உருவாகும். மிச்சத்தை அறுத்து, கழுத்தை நெருப்பில் காட்டி, நிறம் மாறியதும் தண்ணீரில் போட வேண்டும். முதல் கூட்டில் நான் எண்ணெயை அள்ளிப் பூசிவிட்டேன். தோளில் பெரிய குழி. "டெல்ஃபினாம்மா, இது தோட்டா, எண்ணெய்ல பொரிக்கிற எம்பனாடா இல்ல" என்றார். அடுத்தது அவர் கையிலேயே வாய் கிழிந்தது. "உங்க எம்பனாடாவும் வெந்து வெடிச்சிருச்சே" என்றேன். அந்த மனிதர் வாய்விட்டுச் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

ஆனால் வேலை நகரவில்லை. ஒரு கூடு அமுக்குவார், மாத்தே குடிப்பார். இன்னொன்று எடுப்பார், வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். பொழுது சாயும்போது உள்ளங்கை நிறையத் தேறியிருக்காது. "இப்படியே போனா பன்றியே வயசாகிச் செத்துடும்" என்று ஒருநாள் சொல்லிவிட்டேன். "பித்தளைய அவசரப்படுத்தக் கூடாது" என்றார்.

அப்புறம் சாந்தா இசபெல் பக்கம் ஒரு காற்றாலை விழுந்துவிட்டதென்று அவர் போனார். அந்த ஞாயிறு வரவில்லை. வீடு என்னவோ போலிருந்தது. சும்மா உட்கார முடியாமல் யந்திரத்தின் முன் உட்கார்ந்தேன். மத்தியானத்துக்குள் சாக்கு காலி. மருந்தும் குண்டும் அடைப்பதை மட்டும் அவருக்கு விட்டுவைத்து, கூடுகளைத் துடைத்து மேஜைமேல் வரிசையாக நிறுத்தினேன். அவர் வந்து பார்த்து மெச்சுவார் என்று நினைத்தேன்.

பார்த்தார். ஒன்றை எடுத்து அளந்தார். சரியாக இருந்தது. இன்னொன்றையும் அளந்தார். தொப்பியைக் கையில் வைத்துச் சுற்றிக்கொண்டே, "அப்ப இனி ஞாயித்துக்கிழமை நான் வர வேண்டியதில்ல" என்றார்.

எனக்கு அப்போதுதான் புரிந்தது நொயேமி. அறுபதை நெருங்குகிறவளுக்கு இவ்வளவு நேரமா ஆகும் என்று நீ கேட்பாய். "தோட்டாவுக்காக வர வேணாம். சும்மா வாங்க" என்றேன். அந்த மனிதருக்குக் காது வரை சிவந்துவிட்டது.

தோட்டா தயாரானதும், முதல் வெடியை நான் கன்னத்தோடு வைத்துச் சுடக் கூடாதென்று அவருக்குப் பிடிவாதம். துப்பாக்கியைப் பழைய டயரில் கட்டி, சுவருக்குப் பின்னாலிருந்து கயிற்றை இழுத்தார். எதெல்வினா கேட்டதாகச் சொல்லும் வெடிச்சத்தம் அதுதான், சண்டை இல்லை. வெளியே வந்த கூடு கீறல் இல்லாமல், நம் துப்பாக்கிக்கென்றே வார்த்ததுபோல் இருந்தது. போன வியாழன் விடியற்காலை, தண்ணீர்த் தொட்டியருகே அந்தப் பெரிய பன்றியை நானே சுட்டேன். ஒரே வெடி. துப்பாக்கி உதைத்த என் தோள் இன்னும் நீலமாக இருக்கிறது. அதற்குப் பிறகு ஒரு குட்டியும் போகவில்லை.

அப்பாவை மறந்துவிட்டாயா என்று நீ கேட்கவில்லை. உன் கடிதத்தின் மீதி அரைப் பக்கம் முழுக்க அந்தக் கேள்விதான் இருந்தது. மறக்கவில்லை மகளே. தனியாகச் சாப்பிடப் பழகிவிட்டேன் என்று உனக்கு எழுதுவேனே, அது பழகவே இல்லை.

அன்செல்மோ கேட்டுவிட்டார். "என் மகள் வந்து உங்களோடு ஒரு வேளை சாப்பிடட்டும், அப்புறம் பதில் சொல்கிறேன்" என்றேன். "காத்திருக்கேன், எனக்கு அவசரமில்ல" என்றார். அவருக்கு அவசரமில்லை என்பது எனக்குத் தெரியாதா.

பன்றியின் பின்தொடைகளை உப்பில் போட்டிருக்கிறேன். வசந்தம் முற்றுவதற்குள் பக்குவமாகிவிடும். இரண்டு கிழங்களால் அதைத் தின்று தீர்க்க முடியாது. ஆல்டோவிடம் லீவு கேட்கச் சொல். பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வா. கோபமாக இருந்தாலும் பரவாயில்லை, கோபத்தோடேயே வா.

கடவுள் உங்கள் மூவரையும் காப்பாராக.

வழி பார்த்திருக்கும் அம்மா,
டெல்ஃபினா