மாமாவின் வள்ளத்தில் ஒட்டிய சொல்

குருநகர்

அன்பான அம்மாவுக்கு,

உங்கள் ஜெரிசன் எழுதுவது. நான் சுகம். பேசாலையில் நீங்களும் தங்கச்சியும் சுகமாயிருக்க மாதாவிடம் கேட்கிறேன்.

மருத்துவ ஆங்கிலப் பரீட்சைக்கான சொற்கள் தலைக்குள் ஏறவில்லை. அதனால் கடதாசித் துண்டுகளில் எழுதிச் சுவரில் ஏற்றினேன். மாமியின் எண்ணெய்ப் போத்தலுக்குக் 'கொலஸ்ட்ரோல்' கிடைத்தது. கனிசியஸ் மாமாவின் வள்ளத்தில் பகிடிக்கு 'ஃபேட்டல்' என்று ஒட்டினேன். உயிரைப் பறிப்பது என்று பொருள்.

"உது என்னடா?" என்றார் மாமா.

"பலம் எண்டு அர்த்தம், மாமா."

அவர் அதை எடுத்து, வள்ளத்திலிருந்த அந்தோனியார் படத்துக்குக் கீழே பத்திரமாக ஒட்டிக்கொண்டு கடலுக்குப் போனார்.

விடிந்தும் வள்ளம் வரவில்லை. கரையில் மாமி செபமாலை உருட்ட, நானும் பக்கத்திலிருந்து செபித்தேன். பயப்படாதீர்கள், மத்தியானம் வந்துவிட்டார். எஞ்சின்தான் பழுது. இறங்கியதும் என்னைக் கட்டிப்பிடித்து, "உன்ரை சொல்தான்ரா என்னைக் காப்பாத்தினது" என்றார். நான் உண்மையை விழுங்கிக்கொண்டு வள்ளத்தைக் கரையேற்றக் கைகொடுத்தேன்.

சனிக்கிழமை பரீட்சை. அதற்குள் பஸ்ஸில் வரும் யாரிடமாவது உங்கள் பழைய போர்வையைக் கொடுத்துவிடுங்கள். இங்கே குளிரில்லை, சும்மாதான் கேட்கிறேன்.

இப்போதுதான் மாமா அந்தத் துண்டைக் கொண்டுவந்து என் சட்டைப் பைக்குள் வைத்தார். "கடலிலை என்னைக் காத்தது, சோதினையிலை உன்னைக் காக்கும். எடுத்துப் போடாதை, என்ன?"

"ஓம் மாமா" என்றுவிட்டேன். அதோடுதான் போகப்போகிறேன். அந்தோனியாருக்கு ஒரு மெழுகுதிரி கொளுத்துங்கள் அம்மா. இல்லை, இரண்டு.

அவசரத்தில்,
ஜெரிசன்