என் ஒப்பாரியை வெட்டிய படம்

ஏப்ரல் 3, வியாழன்

காலை எட்டுக்கே அனல். மொட்டை மாடியில் புளி காயவைத்தேன். காக்கா ஓட்ட இவரை உட்கார வைத்துவிட்டுக் கீழே வந்தால் போனில் சுப்பிரமணி அனுப்பிய அழைப்பிதழ். அவன் எடுத்த 'ஆயிரம் அடி' திரைப்படம், 12ஆம் தேதி சனி காலை பத்து மணி, சேலத்தில் சிறப்புக் காட்சி. அடியில் ஒரு கும்பிடு பொம்மை.

என் நாடகத்தின் பெயர். அதையாவது மாற்றித் தொலைப்பான் என்று இரண்டு வருடமாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

பதில் போடவில்லை. பார்த்துவிட்டேன் என்று அவனுக்குத் தெரிந்திருக்கும். தெரியட்டும்.

ஏப்ரல் 4, வெள்ளி

சிலுவைப்பாதை முடிந்து கோயில் வாசலில் செருப்புத் தேடும்போது கொயர் லில்லி: "ஆன்ட்டி, உங்க நாடகம் படமா வருதாமே! மேடையைவிடப் படம்னா இன்னும் சூப்பரா இருக்குமில்ல?"

தவக்காலம். வாயை மூடிக்கொண்டு வந்தேன்.

இந்தப் பெண்ணுக்கு என்ன தெரியும். ரயில்வே ஜங்ஷன் புக்கிங் கவுண்டரில் சுப்பிரமணியும் நானும் பக்கத்துப் பக்கத்து ஜன்னல். அவன் வசனம், நான் பாட்டு. பதினோரு பாட்டு, எல்லாம் மதியச் சாப்பாட்டு நேரத்தில் எழுதியது. ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டியோடு வடக்கே போனவன் திரும்பி வராத கதை. புருஷனாக அவன். மனைவி பொன்னியாக நான். இருபது வருடத்துக்கு முன்னால் சேலம், நாமக்கல் பக்கம் நாங்கள் ஏறாத கோயில் நோன்பி மேடை கிடையாது.

மதியம் முன்னோட்டம் பார்த்தேன். மூன்று தடவை. குறைகள்:

பொன்னிக்குப் புருவம் திருத்தியிருக்கிறது. தறி ஓட்டுகிறவளாம்.

என் ஆறாம் பாட்டு. 'ஆயிரம் அடி போட்டாச்சு, அடியில தண்ணி கண்டாச்சு, ஆளை மட்டும் காணோமே.' தூங்கி எழுந்து பல் விளக்காத குரலில் யாரோ.

பாட்டு ஓடுகிறது, பொன்னி வாயைத் திறக்கவில்லை. பஸ் ஜன்னலோரம் உட்கார்ந்து வெளியே பார்க்கிறாள். அப்புறம் யார் பாடுவது? பஸ்ஸா?

பேச்சு போதவில்லை என்கிற இடத்தில்தான் மேடையில் ஒருத்தி பாட ஆரம்பிக்கிறாள். அந்தப் பாட்டை அவள் வாயிலிருந்து பிடுங்கிப் பின்னால் ஓடவிட்டால் அது பாட்டா, ஊதுபத்திப் புகையா.

புளியை அள்ள மறந்துவிட்டேன். ராத்திரி வரை மாடியிலேயே கிடந்தது.

ஏப்ரல் 7, திங்கள்

மின்சாரம் இல்லை, பத்திலிருந்து இரண்டு வரை. கையில் விசிறியோடு இவருடன் சண்டை.

இவர் ரயிலில் கார்டாக இருந்து ரிட்டயர் ஆனவர். எதையும் தூரத்திலிருந்து பார்த்தே பழக்கம். "மேடையில பத்தாவது வரிசைக்கு உன் மூக்குகூடத் தெரியாது, ஸ்டெல்லா. படத்துல கண்ணு தெரியும். கண்ணு தெரிஞ்சா எதுக்குக் கத்தணும்?"

கத்தினேனாம். கடைசி வரிசைக்காரனுக்கும் துக்கம் போய்ச் சேரவேண்டுமென்று தொண்டை கிழியப் பாடியது இவர் அகராதியில் கத்தல். மதியச் சாம்பாரில் உப்புப் போடவில்லை. கேட்டார். "கண்ணு தெரியுதில்ல, பாத்துப் போட்டுக்குங்க" என்றேன்.

பாவாயி கதையை எடுத்துச் சொன்னேன். கதையே அந்த அம்மாவுடையதுதான். வெண்ணந்தூரில் சுப்பிரமணி வீட்டுக்கு நாலு வீடு தள்ளி. அவர் புருஷன்தான் ரிக்கோடு போனவன். மாரியம்மன் நோன்பிக்கு அங்கே நாடகம் போட்டபோது முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். ஒன்பதாவது பாட்டு, ஒப்பாரி, பன்னிரண்டு நிமிடம். பாதியில் பாவாயி எழுந்தார். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு கூட்டத்தைப் பிளந்துகொண்டு போனார். தாங்க முடியவில்லை. சொந்தக் கதைக்காரியையே அழவைத்து எழுப்பின பாட்டு அது. எந்தப் படம் அதைச் செய்யும்?

இவர்: "இதை நீ நூறு தடவை சொல்லிட்டே."

நூற்றொன்று.

ஏப்ரல் 9, புதன்

சுப்பிரமணி நேரில் வந்துவிட்டான். தலை முழுக்க நரைத்து, தாடி. டைரக்டர் ஆகிவிட்டால் சவரம் கூடாதுபோல. காப்பி கொடுத்தேன். முறுக்கு டப்பாவை எடுக்கவில்லை.

"அக்கா, நேர்ல வந்து கூப்படோணும்னு வந்தனுங்க."

"தவக்காலத்துல நான் சினிமா பாக்கறதில்ல."

"நேத்து பொழுதோட சீரியல் பாத்துட்டு இருந்தீங்கன்னு அண்ணன் சொன்னாருங்களே."

அண்ணன் பேப்பருக்குப் பின்னால் ஒளிந்துகொண்டார்.

நேராகக் கேட்டேன். "என் ஒப்பாரி எங்க வருது?"

டம்ளரைக் கீழே வைத்தான். "வருலீங்க்கா."

"வெட்டிட்டயா?"

"எடுக்கவே இல்லீங்க. எழுதறப்பவே உட்டுட்டேன்."

"ஜனம் ஒன்ஸ்மோர் கேட்ட பாட்டுடா அது!"

"அதேதானுங்க்கா. புருஷனைக் காணோம்னு ஒருத்தி அழுவறா. ஜனம் ஒன்ஸ்மோர் கேக்குது. அவ மறுக்கா மொதல்ல இருந்து அழுவறா. எனக்கு அன்னிக்கே ஒரு மாதிரி இருந்துச்சுங்க."

"அன்னிக்கே சொல்றதுக்கென்ன?"

"நீங்க சொல்ல உட்டாத்தானுங்களே."

எழுந்து ஹார்மோனியத்தின் மேல் தூசி தட்டினேன். அதில் தூசியே இல்லை. இரண்டு வருடத்துக்கு முன்னால் நாடகத்தைப் படமாக்க 'அக்கா ஒரு கையெழுத்து' என்று ஒரு தாளை நீட்டினான், படிக்காமல் போட்டேன், என் முட்டாள்தனம். கிளம்பு என்றேன். கிளம்பினான். கேட்டில் நின்று செருப்பு மாட்டிக்கொண்டே, "பாவாயியக்காளும் வாராங்க. உங்களையும் பாக்கோணும்னாங்க" என்றான்.

பாவாயி வருகிறார். அன்று எழுந்து போனவரிடம் நான் ஒரு தடவையாவது போய்ப் பேசினேனா? இல்லை. ஏன் போகவில்லை என்று இப்போது யோசித்தால் பதில் நன்றாக இல்லை. எழுதப் பிடிக்கவில்லை.

போகிறேன். பாவாயி என்ன சொல்கிறார் என்று அவன் காதுபடக் கேட்க வேண்டும்.

ஏப்ரல் 12, சனி

பச்சைப் பட்டுச் சேலை. பஸ்ஸில் கசங்கியது. தியேட்டரில் ஏசி அதிகம், முழங்கால் வலி. பாவாயி ஏற்கெனவே வந்து உட்கார்ந்திருந்தார். தலை நரைத்துவிட்டது, முதுகு நேராகத்தான் இருக்கிறது. "பாட்டுக்காரம்மா, இங்க வாங்க" என்று பக்கத்து சீட்டைத் தட்டினார். உட்கார்ந்தேன்.

படம். முதல் பாதி:

பதினோரு பாட்டில் மூன்று மிச்சம். மூன்றும் பின்னால்தான் ஓடுகின்றன.

மாமியாரே இல்லை. ஆளையே தூக்கிவிட்டான். மருமகள் மாமியார் சண்டைப் பாட்டுக்கு ஜனம் விசில் அடிக்கும்.

லாரி போகிறது. லாரி போகிறது. இன்னமும் லாரி போகிறது.

பின்னால் ஒருவர்: "போட்டோ புடிச்ச மாதிரி இருக்குது." வேறு எப்படி இருக்கும்.

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. தோற்றுவிட்டான் என்று. இதை எழுத வெட்கம்தான். இங்கே எழுதாமல் வேறு எங்கே.

இடைவேளைக்கு அப்புறம் அந்த இடம். ரிக்கோடு போன மற்றவர்கள் ஊர் திரும்புகிறார்கள், இவன் மட்டும் இல்லை. அவனை எங்கே விட்டீர்கள் என்றால் ஒருவரும் சரியாகச் சொல்லவில்லை. மேடையில் இங்கேதான் நான் தலையை விரித்துப்போட்டு முன்னால் வந்து நிற்பேன், ஹார்மோனியம் எடுத்துக்கொடுக்கும். சீட்டில் உட்கார்ந்தபடியே என் தொண்டை தயாராகிவிட்டது. கை தொடையில் தாளம் போடத் தொடங்கிவிட்டது.

படத்தில் அந்தப் பெண் வீட்டுக்குள் போகிறாள். இரண்டு தட்டு கழுவுகிறாள். ஒன்றைத் துடைத்துக் கீழே வைக்கிறாள். இன்னொன்றைத் துடைக்கிறாள், துடைத்துக்கொண்டே இருக்கிறாள், அப்புறம் எட்டி மேல் பரணில் கவிழ்த்துவைக்கிறாள். பக்கத்து வீட்டில் தறி ஓடுகிறது. அவ்வளவுதான். பாட்டு இல்லை, அழுகை இல்லை. வேலைக்குப் போகிறாள்.

என் கை எப்போது நின்றது என்று தெரியவில்லை.

ஒரு நிமிடம்கூட இருக்காது அது. எனக்குப் பன்னிரண்டு நிமிடம் தேவைப்பட்டது.

படம் முடிந்து விளக்குப் போட்டார்கள். மேடையில் நான் நிஜத்தில் வராத புருஷனையும் கடைசியில் திருப்பிக் கூட்டிவந்து மங்களம் பாடி முடிப்பேன். இவன் படத்தில் அவன் வரவே இல்லை. ஜனம் எழுந்திருக்கத் தெரியாமல் உட்கார்ந்திருந்தது. சுப்பிரமணி தூண் ஓரமாக நின்றுகொண்டு எங்கள் இருவரையும் பார்த்தான். பக்கத்தில் வரவில்லை.

பாவாயி என் பக்கம் திரும்பினார். கண் உலர்ந்திருந்தது. நான் மெதுவாகத்தான் சொன்னேன்: "அன்னிக்கு நாடகத்துல என் பாட்டைக் கேட்டு அழுதுட்டு எழுந்து போனீங்க."

"அழுவுலீங்க."

"முந்தானையை வாயில..."

"அழுவுலீங்கம்மா. ஜனத்துக்கு மேல வரிசையா ட்யூப்லைட்டுப் போட்டிருந்தாங்க. நீங்க அழுவ அழுவ ஊரே திரும்பி என் மூஞ்சியப் பாத்துச்சு, இவ அழுவறாளான்னு. பொம்பளைங்க எட்டிப் பாத்தாங்க. உக்கார முடியுலீங்க. மூஞ்சிய மறைச்சுட்டு ஊட்டுக்குப் போயிட்டேன். ஆறு மாசம் கடைவீதிப் பக்கமே போவுல."

பட்டுச் சேலையின் கசங்கலை நீவினேன்.

"இன்னிக்கித்தானுங்க அழுதேன். அந்தத் தட்டைக் கவுத்தி வெச்சப்ப. உங்குளுக்குத் தெரிஞ்சுதுங்களா?"

பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். "இல்லீங்க."

"இருட்டுங்க. அதானுங்க."

கோபமாகச் சொல்லியிருந்தால் பரவாயில்லை. சாதாரணமாகச் சொன்னார். கூடவே இன்னொன்றும்: "அந்தத் தம்பி ஊட்டுக்கு வந்து, எடுக்கட்டுமாக்கான்னு கேட்டுட்டுத்தான் எடுத்துச்சு. தட்டு சமாச்சாரம் நாஞ்சொன்னதுதானுங்க."

சுப்பிரமணியைப் பார்க்காமல் பக்கவாசல் வழியாக வந்துவிட்டேன். வீட்டுக்கு வந்ததும் இவர் எப்படி இருந்தது என்று கேட்டார். லாரி அதிகம் என்றேன்.

ஏப்ரல் 13, குருத்து ஞாயிறு

பவனியில் குருத்தோலை கையை அறுத்துவிட்டது. 'ஓசன்னா'வில் எனக்கு மேல் ஸ்தாயி எட்டவில்லை. லில்லி என்னைப் பார்த்தாள். எல்லாரும் பார்த்த மாதிரி இருந்தது.

பதினொரு மணிக்குச் சுப்பிரமணி போன். நாலு தடவை எடுக்கவில்லை. ஐந்தாவது எடுத்தேன்.

"எப்படீங்க்கா இருந்துச்சு?"

"மூணு பாட்டையும் கொலை பண்ணியிருக்கே. அந்தப் பொண்ணுக்குப் புருவம் ஆகல. லாரியை ஓட்டியே பாதிப் படம்."

"சரிங்க்கா."

"மாமியாரை எதுக்குடா தூக்குனே?"

"நீளமாப் போச்சுங்க்கா."

"உன் லாரியை நிறுத்தியிருந்தா நீளம் குறைஞ்சிருக்கும்."

"சரிங்க்கா."

சரிங்க்கா, சரிங்க்கா. பழைய பழக்கம். நான் அவனைச் சொல்லவிடாததில் வந்தது இது என்று அப்போதுதான் உறைத்தது.

"ஒப்பாரியை விட்டது சரிதான்" என்றேன்.

அவன் ஏதோ சொல்லத் தொடங்கினான். வைத்துவிட்டேன். அதற்குமேல் கேட்டால் படம் முழுக்க நல்லது என்று ஒப்புக்கொள்ளவைத்துவிடுவான். இல்லை. நல்லது இல்லை. ஒரு இடம் நல்லது. என்னுடையதில் அந்த ஒரு இடம் கெட்டது. அவ்வளவுதான் கணக்கு.

இவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கிண்டல் செய்வார் என்று நினைத்தேன். "போய்ப் பாத்துட்டு வா, அந்த அம்மாவை" என்றார்.

ஏப்ரல் 15, செவ்வாய்

வெயில். ராசிபுரம் போய் அங்கிருந்து டவுன் பஸ். வெண்ணந்தூரில் இறங்கி, பாவாயி வீட்டை இரண்டு தடவை தாண்டிப் போய்த் திரும்பினேன். முப்பது மேடைக்கு மேல் ஏறியவளுக்கு ஒரு வீட்டு வாசலில் நிற்கத் தயக்கம்.

பாவாயி தறியை நிறுத்திவிட்டு வந்தார். மோர் கொடுத்தார். மனப்பாடம் பண்ணிக்கொண்டு போனதெல்லாம் மறந்துபோனது. "உங்களைக் கேக்காம உங்க கதையை எடுத்துப் பாடிட்டேன். தப்பு. மன்னிச்சுடுங்க."

"இப்ப வந்து கேக்கறீங்களல்ல. மோரைக் குடிங்க, சாமி."

குடித்தேன். கேட்கக் கூடாதுதான். கேட்டுவிட்டேன்: "நாடகத்துல ஒண்ணுமே நல்லா இல்லீங்களா?"

யோசித்தார். "மாமியாகூடச் சண்டை புடிப்பீங்களே, அந்தப் பாட்டு. அது நல்லாருந்துச்சு. படத்துல வரும் வரும்னு பாத்தேன், காணோம். படத்துல அவ ரொம்பப் பொறுமைங்க. நான் அப்பிடிக் கெடையாது."

என்னால் சிரிப்பை அடக்க முடியவில்லை. சுப்பிரமணி கேட்டிருக்க வேண்டும்.

"பாடுங்க, பாக்கலாம்."

பாடினேன். தறிக்கூடத்தில், நாலு கட்டை இறக்கி. 'குத்தம் என்ன நான் செஞ்சேன், கூறும் மாமியே' என்று இரண்டாவது அடிக்கு வந்ததும் கையை நீட்டி நிறுத்தினார்.

"இதுதானுங்க அன்னிக்கே இடிச்சுது. நான் அப்பிடிக் கெஞ்சுலீங்க."

"என்ன சொன்னீங்க?"

"கெழவி தெருவுல நின்னுக்கிட்டு, உன் காலு ராசிதான் எம்பையன் போயிட்டான்னா. நான் சொன்னேன்: உம்பையன் ஆயிரம் அடி தோண்டி ஊருக்கெல்லாம் தண்ணி காட்டுனான், ஊட்டுக்கு ஒரு கொடம் ரொப்பி வெச்சிருப்பானா? வந்தாலும் கொடத்தோட வரச்சொல்லு. அதுக்கப்பறம் கெழவி வாயே தொறக்குல."

கைப்பையைத் துழாவினேன். பேனா இருந்தது, தாள் இல்லை. பஸ் டிக்கெட்டின் பின்பக்கம் இடம் போதவில்லை. "மறுக்காச் சொல்லுங்க" என்றேன். இந்தத் தடவை இன்னும் இரண்டு வசவு சேர்த்துச் சொன்னார். அவை இங்கே வேண்டாம்.

பதினோரு பாட்டிலும் இப்படி ஒரு அடி என்னிடம் இல்லை. அவன் படத்திலும் இல்லை.